ஏழாம் நாளும் கொழுந்து

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை. வண்டிப்பெரியாருக்குப் போய்க் கோழிக்கறி வாங்கிக்கொண்டு, நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே நுழைந்தேன்.

என் மனைவி பேச்சியம்மாள் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் கண்ணாடி. கையில் மகளுடைய பழைய செல்போன். இரண்டு பெருவிரல்களும் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு தோட்டம். வரிசை வரிசையாகச் செடிகள். செடிகளில் காய்கள் துளிர்க்கின்றன, பருக்கின்றன, நிறம் மாறுகின்றன. சரியான நிறம் வந்த நொடியில் தொட்டால் கூடையில் விழும். முந்தித் தொட்டாலும் போச்சு. பிந்தினால் கறுத்துப்போகும். பேச்சியின் விரல்கள் ஒரு வரிசையை முடித்து அடுத்த வரிசைக்குத் தாவின. அப்படித் தாவுவதை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று உடனே தெரிந்துவிட்டது.

வாரத்தில் ஆறு நாள் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், ஏழாவது நாள் வீட்டில் உட்கார்ந்து செல்போனிலும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

கறிப் பை என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

செல்போன் விளையாட்டைப் பார்த்து ஒரு மனுஷன் இவ்வளவு அதிர்ந்து போவானா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு மூன்று நாள் முன்னால் நான் செய்த காரியத்தைச் சொன்னால் புரியும்.

ரேஷன் தாள் என்று சொன்னது

இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு என் கூச்சம் பழக்கமாகியிருக்கும். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' என்பதைச் சத்தமாகச் சொல்ல வராது. அதனால் போன நாட்களிலும் வராதவனாகவே எழுதப்பட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படிப்பட்ட நான் அந்த வியாழக்கிழமை எஸ்டேட் ஆபீசுக்குப் போய், பேச்சியின் பெயரை வேலையிலிருந்து எடுத்துவிடும்படி ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். முன்கூட்டியே ஓய்வு. தாளில் கையெழுத்து அவளுடையது.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. தாள் காரியம் எல்லாம் ஆண்கள் பார்ப்பார்கள். ரேஷன், யூனியன், பி.எஃப். எதுவானாலும் புருஷன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மனைவி ஒப்பு போடுவாள். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. மலையாளத்திலிருந்து எங்கள் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். மலையில் யாருக்கும் தலை குனியாத பெண்கள்கூட, தாள் என்று வந்தால் வாசிக்காமல் போட்டுவிடுவார்கள்.

அன்று அவள் மீன் கழுவி மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரேஷன் தாளு. இங்கன ஒரு ஒப்பு போடு" என்றேன்.

கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்டாள். தாளின் மூலையில் மஞ்சள் விரல் ரேகை விழுந்தது.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு. மகள் மகாலட்சுமி கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு போனிலும் சொல்வாள். பேச்சிக்கு என்னைவிட வயது குறைவு, இன்னும் பல வருஷம் வேலை இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக அதே மலை, அதே செடி, முதுகில் அதே சாக்கு. பாவம், போதும் என்று நானாகவே முடிவு செய்தேன். மகளிடம் மட்டும் போனில் சொல்லிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்துச் சாப்பிடும்போது சொல்லலாம், அவள் கண் கலங்குவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் மழையில் நடந்து வந்தேன்.

அவள் பெயர் போனால், எனக்கு ஓய்வு வந்ததும் வீடும் போகும். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் பெயராவது எஸ்டேட்டில் இருக்கும்வரைதான் வீடு. அதையும் யோசித்துத்தான் கொடுத்தேன். யோசித்ததாக நினைத்துக்கொண்டேன்.

"ஒரு கூடையாவது நெறைக்கிறேன்"

கறிப் பையை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டேன். "என்ன செய்யிற?"

"செடி பாக்குறேன்."

"ஆறு நாளும் இதத்தான பாக்குற? இன்னிக்குமா? உனக்கு அலுக்கலையா பேச்சி?"

"சத்தம் போடாதீக. ஒண்ணு முத்தப் போகுது."

அந்த நேரத்தில்தான் மகாலட்சுமியின் போன் வந்தது. திரையில் தோட்டம் மறைந்து மகளின் பெயர் வந்தது. "இவ ஒருத்தி" என்று சலித்துக்கொண்டே பேச்சி ஸ்பீக்கரில் போட்டாள். "இருடி, கூடை நெறையப் போற நேரத்துல வந்துட்ட."

"யம்மா, அந்த கேம இன்னுமா வச்சிருக்க? நான் ரெண்டே நாள்ல விட்டேன். தொட்டதையே தொட்டுக்கிட்டு! போரடிக்கல?"

"உம் புருசன் மட்டும் என்னத்த செய்யிறாராம்? அதே வீட்டுக்குள்ள அதே துப்பாக்கியத் தூக்கிட்டு ஓடுறாரு, சாகுறாரு, எந்திரிச்சு மறுபடி ஓடுறாரு. நான் ஒரு கூடையாவது நெறைக்கிறேன்."

மகள் சிரித்தாள். அது உண்மைதான். கோயம்புத்தூருக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அவருக்கோ நெற்றியில் வேர்வை. "மாமா, ஒவ்வொரு வாட்டியும் எதிராளி வேற ஆளுங்க. வேற மாதிரி வருவான்" என்றார். எனக்கு எல்லாரும் ஒரே ஆள் மாதிரிதான் தெரிந்தார்கள். பேச்சியின் தோட்டத்தைக் காட்டினால் அவரும் கொட்டாவி விடுவார்.

அப்போது மகள் திடீரென்று கேட்டாள். "யப்பா இருக்காரா? யப்பா, அம்மாகிட்ட சொல்லிட்டீகளா?"

போனைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். முகம் தெரியாத போனில் தலையை ஆட்டி என்ன பயன்?

"என்னத்தச் சொல்லணும்?" என்று பேச்சி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

கம்பத்தில் வாங்கிய பெட்டி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னே போக வேண்டியிருக்கிறது. கூச்சக்காரன் எழுதினால் இப்படித்தான். சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வேறு எதையாவது எடுத்துக்கொள்வான்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கம்பத்துச் சந்தையில் ஒரு கைப்பெட்டி வாங்கினேன். பேட்டரி போட்டு விளையாடுவது. சாம்பல் நிறத் திரையில் மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி இடைவெளியில் பொருத்த வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அந்த வரிசை மறைந்துவிடும். அவ்வளவுதான் விளையாட்டு.

குழந்தைக்கு என்று சொல்லி வாங்கினேன். விளையாடியது நான். இரண்டு வருஷம், பொத்தான்களின் எழுத்து தேய்ந்து அழியும்வரை.

"விழுறதையே பாத்துக்கிட்டு என்னதான் இருக்கோ" என்று பேச்சி அப்போது சொல்வாள். ஒரு தடவை கையில் கொடுத்தேன். நான்கு கட்டை விழுவதற்குள் திருப்பித் தந்துவிட்டாள். "அதேதான வருது!"

அதேதான் வரும். ஆனால் கீழே இருக்கும் பள்ளம் ஒவ்வொரு தடவையும் வேறு. விழும் கட்டைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் எனக்கு ஒரு நொடி கிடைக்கும். அந்த நொடியில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள், நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

அந்த வருஷங்களில் என் வேலையும் அப்படித்தான் இருந்தது. அப்போது நான் ஃபேக்டரியில் புளிப்பு அறையில் இருந்தேன். அரைத்த இலையைப் பரப்பிக் காற்று கொடுத்து வைக்கும் அறை அது. பச்சையாக வரும் இலை மெல்லச் செம்பு நிறத்துக்கு மாறும். முதலில் நசுக்கிய புல் வாடை. பிறகு அது குறைந்து, எங்கேயோ பழம் பழுத்தது போல ஒரு வாசனை எழும்பும். அது உச்சத்துக்கு வரும்போது அடுப்புக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் டீ சப்பென்று ஆகிவிடும். கடிகாரம் உண்டு. ஆனால் டீ மேக்கர் என் மூக்கைத்தான் கேட்பார். ஃபேக்டரியில் எல்லாருக்கும் மேலே இருப்பவர் அவர். நான் தலையை ஆட்டினால் அனுப்புவார். வாய் திறக்கவே தேவையில்லாத வேலை.

பதினான்கு வருஷம் அங்கே இருந்தேன். ஒரு நாள் காரணம் சொல்லாமல் என்னை எடைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பெண்கள் கொண்டுவரும் கொழுந்தைத் தராசில் தொங்கவிட்டு, எடையை உரக்கச் சொல்லி, எழுத வேண்டும். உரக்கச் சொல்ல வேண்டும்! "வெளிக்காத்து, நல்ல வேலை, உம்ம நல்லதுக்குத்தான்" என்றார் டீ மேக்கர். யார் சொல்லி மாற்றினார் என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சில மாதம் புளிப்பு அறையின் ஜன்னல் பக்கமாகச் சுற்றித்தான் வேலைக்குப் போனேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அவளுக்கு அலுத்தது

போனை வைத்துவிட்டு பேச்சி மறுபடியும் கேட்டாள். "என்னத்தச் சொல்லணும்?"

"மொதல்ல நீ சொல்லு. நெசமாவே மலைவேலை உனக்கு அலுக்கலையா?"

அவள் என்னை ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவனைப் போலப் பார்த்தாள்.

"ஒங்களுக்குப் பாத்தா ஒரே பச்சையாத் தெரியும். பதினேழாம் நம்பர் காட்டுல எந்தச் செடி தூங்குமூஞ்சி, எது அவசரக்குடுக்கைன்னு எனக்குல்ல தெரியும்! போன தடவ நகத்தளவுக்கு விட்டுட்டு வந்த அரும்பு, இந்தத் தடவ வந்துருச்சான்னு தேடிப் போவேன். வந்துருந்தா அம்புட்டு சந்தோசம். பனின்னா ஒரு மாதிரி, மழைன்னா ஒரு மாதிரி. கை தானாப் போகும், மனசு சும்மாக் கெடக்கும். அப்படி ஒரு எடம் எனக்கு வேற எங்க இருக்கு?"

"முதுகு வலிக்குதுன்னு சொல்லுவியே?"

"வலிக்கும். வலிக்கிறதும் அலுக்கிறதும் ஒண்ணா?"

கறிப் பையை அடுப்போரம் நகர்த்தி வைத்தேன்.

"எனக்கு எது அலுத்துச்சுன்னு சொல்லவா?" என்று அவளே தொடர்ந்தாள். கையை நீட்டி அடுப்பைக் காட்டினாள். "அந்தா, அது. விடியுமுன்ன எந்திரிச்சு சோறாக்கு, வந்து மறுபடி சோறாக்கு. அதே அரிசி, அதே பானை, அதே 'உப்பு கொஞ்சம் கம்மி.' இதுக்கு யாராவது ஓய்வு குடுத்தா கும்புட்டு வாங்கிக்கிருவேன்."

'உப்பு கொஞ்சம் கம்மி' என்று சொல்வது நான்தான். இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிவருகிறேன். (இப்போது காலைச் சோறு என் பொறுப்பு. அரிசி வேகும் வாசனையில் எனக்கு ஒரு பிடிப்பு வந்திருக்கிறது. அது வேறு கதை.)

நினைத்துப் பார்த்தேன். அவளுக்குப் பிடித்ததை வெட்டி எறிந்துவிட்டு, அலுத்ததை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக இருந்தேன். அங்கே மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கப்போவது யார்?

"பேச்சி, வியாழக்கிழமை ஒரு தாள்ல ஒப்பு போட்டியே."

"ரேசன் தாளு."

"ரேசன் தாளு இல்ல."

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சொல்லி முடித்தபோது அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். மடியில் கிடந்த செல்போனில் தோட்டம் மறுபடி வந்திருந்தது. தொட ஆளில்லாமல் காய்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் டொக் டொக்கென்று ஒரு சின்னச் சத்தம்.

"எம்பேர வெட்டச் சொன்னீகளா?"

"உன் நல்லதுக்குத்தான..."

"எம்பேர வெட்டச் சொல்லி, என்னையவே ஒப்பு போட வச்சீகளா?"

அந்தக் கோழியை அன்று யாரும் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கத்திடம் கொடுத்துவிட்டேன்.

ஜீப்பும் என் குரலும்

திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன். கிளார்க் கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர். அவர் வந்து பூட்டைத் திறந்து, மேசையைத் தேடி, உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணாச்சி, அது தபால் பையில போயல்லோ. திங்களாழ்ச்ச ஜீப்பு நேரத்தே எறங்கும். அங்க ஹெட் ஆபீஸ்ல சீல் அடிச்சா பின்ன நம்ம கையில இல்ல."

வெளியே பார்த்தேன். சீக்கிரமே கிளம்பிவிட்ட பச்சை ஜீப் மஸ்டர் மைதானத்தைத் தாண்டி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற பெண்கள் வரிசையில் பேச்சியும் நின்றாள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள்.

ஜீப் பாதையில் ஓடினால் பிடிக்க முடியாது. தேயிலைக்கு நடுவே பெண்கள் இறங்கும் குறுக்குப் படியில் விழுந்து ஓடினேன். வேட்டி செடியில் மாட்டிக் கிழிந்தது. வழியில் ஒரு செருப்பும் போனது. கீழ் வளைவில் ஜீப்பின் முன்பக்கம் தெரிந்ததும் என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"நிறுத்து! டேய், நிறுத்துடா!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தபோதுதான் திடுக்கிட்டேன்.

ஜீப் நின்றது. டிரைவர் வெளிறிப்போய்த் தலையை நீட்டினான். "அண்ணே, நீங்களா கத்துனது? ஆனை வந்துருச்சோன்னு எங்கொலையே நடுங்கிப்போச்சு!"

பின்னாலேயே மூச்சு வாங்க வந்து சேர்ந்த கிளார்க் பையைத் திறந்து தாளை எடுத்தார். மூலையில் மஞ்சள் ரேகை அப்படியே இருந்தது. "இந்தா எடுத்தோ அண்ணாச்சி. இனி அடுத்த தடவ வாசிச்சு கேப்பிச்சிட்டு ஒப்பு வாங்கணும், கேட்டோ" என்றார்.

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மேலே ஏறி வரும்போது வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியும்தான். என்ன நினைத்தாள் என்று முகத்தில் தெரியவில்லை. அவள் முறை வந்ததும் பெயரைச் சொன்னாள். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னதாக எனக்குப் பட்டது.

தராசில் தொங்கிய சாக்கு

மத்தியானம் எடைக்குப் பெண்கள் இறங்கி வந்தார்கள். கேலிக்குக் கேட்க வேண்டுமா?

"அண்ணே, காலையில ஒரு சங்கு ஊதுச்சே, ஃபேக்டரி சங்கா, ஒங்க சங்கா?" என்றாள் தங்கம். "இம்புட்டுத் தொண்டைய வச்சிக்கிட்டா இத்தன வருசம் எடைய முனகிக்கிட்டு இருந்தீக?"

நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். தங்கத்துக்கு முன்னால் பேச்சி நின்றாள். சாக்கை அவளே தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். நிறைந்த சாக்கு. நேற்றிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"தாளு கெடச்சிருச்சா?" என்றாள் மெல்ல.

சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் சாக்கின் கயிற்றை விடவில்லை. "நானும் ஒண்ணு சொல்லணும். திட்டப்பிடாது."

"சொல்லு."

"ஒங்கள அந்தப் புளிப்பு ரூம்புல இருந்து எடுக்கச் சொன்னது நாந்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"டீ மேக்கர் ஐயா ரோட்டுல வரும்போது நான் வழிமறிச்சுச் சொன்னேன். 'பதினாலு வருசமா எங்க வீட்டுக்காரரு ஒரே ரூம்புல நின்னு ஒரே வாடைய மோந்துக்கிட்டு இருக்காரு. வாயத் தொறந்து கேக்கவும் மாட்டாரு. வெளிய ஒரு வேலை போட்டுக் குடுங்க'ன்னேன். ஒங்களப் பாத்தா பாவமா இருந்துச்சு."

பாவம். வியாழக்கிழமை தாளைக் கொண்டுபோகும்போது என் மனதில் இருந்த அதே சொல்.

கொட்டகையிலிருந்து புளிப்பு அறையின் ஜன்னல் நாற்பதடி தூரம். காற்று இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. புல் வாடை போய்ப் பழ வாசனை ஏறிவிட்டது. இப்போது எடுக்க வேண்டும் என்று என் மூக்கு சொன்னது. உள்ளே இன்னும் யாரும் எடுக்கவில்லை.

தராசில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன. வாசிக்க வேண்டியவன் நான்.

"அண்ணே, எடையச் சொல்லுங்க! கொழுந்து வாடுதுல்ல!" என்று தங்கம் கத்தினாள்.

என் வாயிலிருந்து எடை வரவில்லை.

"எனக்கு அந்த வாடை புடிக்கும் பேச்சி" என்றேன்.

கயிற்றைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. வாய் லேசாகத் திறந்தது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பின்னால் நின்றபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது அவள் முகத்தில் பார்த்தேன்.

அவள் பறித்த கொழுந்து கொக்கியில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் தங்கம்தான் முன்னால் வந்து, என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, எண்ணைப் பார்த்து, பேச்சியின் பெயருக்கு நேரே எழுதினாள்.